கூடாரம் அடிக்குமுன் காற்றைப் பார்ப்பது எப்படி: வேகம், வீச்சு, திசை – தோட்டத்து ஊருக்கான முழு வழிகாட்டி

கூடாரம் அடிக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கைப்பேசியைத் திறப்பார்கள். காற்று என்ற இடத்தில் 8 என்று இருக்கும். "அண்ணே, எட்டுதான் காட்டுது, பயமில்ல" என்று சொல்லிவிட்டு ஆணி அடிக்கப் போய்விடுவார்கள். அது எந்த ஊர் எட்டு, எந்த அலகில் எட்டு, எத்தனை மணிக்கான எட்டு என்று கேட்டால் முழிப்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குக் கூடாரத்தின் கால்களைப் பத்துப் பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த எட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. இப்போது பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும். கடல் மேற்கே, கோல சிலாங்கூர் பக்கம், சுற்றிலும் செம்பனை. இந்த ஊரை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மேற்குக் கரையோரம் இருக்கும் மற்ற தோட்டத்து ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கிழக்குக் கரைக்காரர்களும் மலையடிவாரத்துக்காரர்களும் திசை பற்றிய 5ஆம் படியையும் விடியற்காலைக் காற்று பற்றிய 10ஆம் படியையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. எங்கே நிறுத்துவது என்று முதலில் எழுதி வையுங்கள்

முன்னறிவிப்பைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. எண்ணைப் பார்த்த பிறகு எல்லை வைத்தால் எல்லை நகர ஆரம்பிக்கும். கோயில் தலைவர் பக்கத்தில் நிற்கிறார், சமையல்காரர் அண்டாவை இறக்கிவிட்டார். அந்த நேரத்தில் 38 என்ற எண்கூட "நாற்பதுக்குக் கீழேதானே" என்றுதான் தோன்றும்.

20க்கு 20 அடிக் கூடாரத்துக்கு என் எல்லை இது. வீச்சு, அதாவது இடையிடையே சில விநாடி எகிறும் உச்சக் காற்று, மணிக்கு 30 கி.மீ. தொடும் என்றால் பக்கத் துணி கட்டுவதில்லை. 40 தொடும் என்றால் கூடாரமே எழுப்புவதில்லை; எழுப்பியிருந்தால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு இறக்கிவிடுவோம். கூடாரத்தைச் செய்தவர் இதைவிடக் குறைந்த எண் கொடுத்திருந்தால் அவர் சொன்னதே எல்லை.

களைக்கொல்லி அடிப்பவர்களுக்கு மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை என இரண்டு வேண்டும். முகத்தில் மெல்லப் படுகிற, இலை சலசலக்கிற காற்று நல்லது. மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் போனால் துளி பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திக்குப் போய்விடும். 3க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்துதான். விடியற்காலையில் புகை மேலே ஏறாமல் தரையோடு படுத்துக் கிடக்கிறதா, அப்போது மருந்தின் நுண்துளியும் அப்படியே மிதந்து, நினைக்காத இடத்தில் போய் இறங்கும். காற்றே இல்லை, நல்ல நேரம் என்று ஆறரை மணிக்கே டேங்கை முதுகில் தூக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. எத்தனை வரை அடிக்கலாம் என்பதற்கு மருந்து டப்பாவின் ஒட்டுத்தாளே கடைசி வார்த்தை.

2. கையில் இருக்க வேண்டியவை

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலி, எச்சரிக்கைக்கு. அதே துறையின் இணையப் பக்கத்தில் வரும் ராடார் படம். காற்றை வரைபடமாகக் காட்டும் விண்டி போன்ற ஒரு செயலி. திசைகாட்டி, கைப்பேசியில் இருப்பதே போதும். ஒரு நோட்டுப் புத்தகம். ஆறடிக் கழியின் நுனியில் கட்டிய ஒரு முழ ரிப்பன்.

காற்றுமானி வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் முதல் மாதம் வேண்டாம். எண் காட்டும் கருவி கைக்கு வந்துவிட்டால் கண் சோம்பேறி ஆகிவிடும்.

3. ஊரைத் தேடாதீர்கள், திடலைக் குத்துங்கள்

செயலியைத் திறந்ததும் வருவது பெரும்பாலும் பக்கத்துப் பெரிய ஊரின் எண். கைப்பேசி இருப்பிடம் அணைந்திருந்தால் கோலாலம்பூரையே காட்டிக்கொண்டிருக்கும். வரைபடத்தைப் பெரிதாக்கி, கூடாரம் நிற்கப்போகும் திடலின் மேல் விரலை அழுத்தி, அந்த இடத்தைப் பெயரோடு சேமித்துவிடுங்கள். அடுத்த முறை தேடும் வேலை இல்லை.

சேமித்த பிறகும் ஒன்றை மறக்கக்கூடாது. முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ.; அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி செயலிகளில் வரும்போது இருபது கி.மீ.க்கும் மேல். நம் திடல், ஆறு, பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குளங்கள், நாலைந்து டிவிஷன் செம்பனை எல்லாம் சேர்த்து அதற்கு ஒரே கட்டம். அதனால் நீங்கள் திடலின் மேல் குத்தினாலும் வருவது வட்டாரத்தின் எண்தான். திடலுக்கு இறக்கிக் கொண்டுவருவது உங்கள் வேலை. அது 6ஆம் படியில் வருகிறது.

4. அலகைப் பாருங்கள்

சிறிய வேலைதான், ஆனால் பெரிய தப்பு நடக்கும் இடம். சில செயலிகள் நாட் கணக்கில் காட்டும், சில விநாடிக்கு மீட்டர் என்று காட்டும். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.; விநாடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கி.மீ. வீச்சு 22 என்று பார்த்து நிம்மதியாக இருப்பார்கள். அது 22 நாட் என்றால் 40 கி.மீ. தாண்டிவிட்டது, நம் எல்லையும் தாண்டிவிட்டது. விநாடிக்கு மீட்டர் கணக்கில் இருந்தால் 12 என்பதே 43 கி.மீ. ஆகிவிடும்.

அமைப்புக்குள் போய் மணிக்குக் கி.மீ. என்று ஒரு முறை மாற்றிவிடுங்கள். குழுவில் எல்லார் கைப்பேசியிலும் மாற்றுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எண் அனுப்பும்போது அலகையும் சேர்த்து எழுதுவது என் குழுவில் கட்டாயம்.

5. திசை: எங்கிருந்து வருகிறது என்பதே பெயர்

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நம் முன்னோர் வைத்த பெயரும் வானிலைத் துறை வைக்கும் பெயரும் ஒரே முறைதான்: காற்று புறப்படும் பக்கத்தைச் சொல்வது. வானிலை அறிக்கையில் பாராட் டாயா என்றிருந்தால் தென்மேற்கிலிருந்து வருகிறது, தீமோர் லாவுட் என்றால் வடகிழக்கிலிருந்து. பாகையில் சொன்னால் 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு, 360 வடக்கு.

குழப்பம் அம்புக்குறியில். பல செயலிகளில் அம்பின் முனை காற்று போகும் பக்கத்தைக் காட்டும். மேற்குக் காற்று என்றால் அம்பு கிழக்கைப் பார்த்து நிற்கும். புதியவர் அம்பைப் பார்த்துக் கிழக்குக் காற்று என்று படித்து, கூடாரத்தின் திறந்த வாயை மேற்கே வைத்துவிடுவார். இறகு போட்ட கோடுகள் உள்ள வரைபடம் வேறு மாதிரி: இறகு உள்ள நுனி காற்று வரும் பக்கம், முழு இறகு 10 நாட், அரை இறகு 5 நாட். எந்தச் செயலியாக இருந்தாலும் ஒரு முறை வெளியே போய் ரிப்பனைப் பிடித்துப் பார்த்து, அம்பு எந்த முறை என்று தெரிந்துகொண்டால் பிறகு சந்தேகம் வராது.

நம் ஊரில் சாதாரண நாளின் திசை ஓரளவு கணிக்கக்கூடியது. காலையில் காற்று அசையாது, அல்லது கிழக்கிலிருந்து லேசாக வரும். வெயில் ஏறியதும் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும். தரைமேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். மதியம் தாண்டி மேற்கு, தென்மேற்குக் காற்று என்றால் அதுதான். அதனால் பகல் சாப்பாடு உள்ள விசேஷத்தில் சமையல் கொட்டகையைக் கூடாரத்துக்குக் கிழக்கே வைக்கச் சொல்வேன். மேற்கே வைத்தால் விறகுப் புகை முழுவதும் பந்தியில் உட்கார்ந்தவர் கண்ணில்.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை; தென்மேற்கு மே கடைசி முதல் செப்டம்பர் வரை. நடுவில் ஏப்ரல்–மே, அக்டோபர் என இரண்டு இடைக்காலம். இந்த இடைக்காலத்தில் பெரிய காற்று எதுவும் இல்லாததால் திசை நிலையாக இருக்காது, மதியத்துக்கு மேல் இடிமழை அதிகம். பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, தீபாவளி எல்லாம் இந்த நாள்களில்தானே பெரும்பாலும் வருகின்றன. கூடாரத்துக்கு அதிகம் ஆள் கேட்கும் காலமும் கூடாரத்துக்கு ஆகாத காலமும் ஒன்றாக இருப்பது எங்கள் தொழிலின் தலையெழுத்து.

6. சராசரி வேகம்: பத்து மீட்டர் உயரத்துக் காற்று

செயலியில் காற்று என்று போட்டிருக்கும் எண் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், தடையில்லாத வெளியில் அடிக்கும் காற்றின் சராசரி. விமான நிலையக் கருவிகள் அளப்பதும் இந்த உயரத்தில், பெரும்பாலும் 10 நிமிடச் சராசரியாக. நீங்கள் நிற்கும் உயரத்தில் அது குறைந்துதான் இருக்கும். திறந்த திடலில் 2 மீட்டர் உயரத்துக்குச் சுமார் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த செம்பனைக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் கணக்கும் இல்லை. மேலே மட்டை ஆடும், கீழே வியர்வை காயாது.

ஆகவே செயலியின் எண்ணைத் திடலுக்கு இறக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: காற்று வரும் பக்கத்தில் என்ன நிற்கிறது? நூறு மீட்டருக்கு முன்னால் வளர்ந்த செம்பனை நின்றால் உடைத்துத் தரும். வெறும் வெளி இருந்தால் உள்ளதை உள்ளபடி தரும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் சந்து இருந்தால் கூட்டித் தரும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு தோட்டத்துக் கோயிலுக்கு ஆறு வருடமாக ஒரே இடத்தில் கூடாரம் அடித்து வந்தேன். ஏழாம் வருடமும் அதே திடல், அதே ஆணி, முன்னறிவிப்பும் ஏறக்குறைய அதே எண். மதியம் இரண்டரைக்குச் சாதாரணக் கடல் காற்றுதான் அடித்தது. மேற்கு வரிசைக் கூடாரம் ஒன்று இரண்டு காலைத் தூக்கிவிட்டு நின்றது. பாயசத் தூக்கு மட்டும் கவிழ்ந்தது, யாருக்கும் அடியில்லை. பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கோயிலுக்கு மேற்கே இருந்த பழைய செம்பனையை மறுநடவுக்காகச் சாய்த்து, கன்று வைத்திருந்தார்கள். முழங்கால் உயரக் கன்று. கண்ணுக்கு எட்டும் தூரம் வெறும் மண். திடலில் ஒரு புல்லும் மாறவில்லை, திடலுக்கு முன்னால் இருந்த சுவர் போய்விட்டது. அன்றிலிருந்து இடம் பார்க்கப் போனால் நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்கிறேன்.

7. வீச்சு: கூடாரத்தைத் தூக்குவது இதுதான்

தமிழ்நாட்டுச் செய்தி கேட்பவர்களுக்கு இது பழக்கமான வாசகம்: "மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும்." அந்த இடையிடையேதான் வீச்சு. செயலியில் கஸ்ட் என்று வரும். பத்து நிமிடச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் சில விநாடி உச்சம். அளப்பதற்கு 3 விநாடி என்று வைத்திருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்க மூன்று விநாடி தாராளம்.

காற்றின் தள்ளு வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. கூடாரத்தின் ஒரு பக்கத் துணியை எடுத்துக்கொள்வோம்: 20 அடி நீளம், 7 அடி உயரம், சுமார் 13 சதுர மீட்டர். நேராக அடிக்கும் 20 கி.மீ. காற்று அதை ஏறத்தாழ 25 கிலோ அளவுக்குத் தள்ளும். 40 கி.மீ. ஆனால் 100 கிலோ. 60 ஆனால் 225 கிலோ. சிமெண்டுத் தரையில் ஆணி அடிக்க முடியாமல், காலுக்கு ஒன்றாக 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நான்கு கட்டி நிற்கும் கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 80 கிலோ. பக்கத் துணியைக் கழற்றுவது முதல் வேலை என்று நான் கத்துவது இதனால்தான். அழகுக்குக் கட்டும் அந்தத் துணிதான் பாய்மரம்.

படிக்கும் முறை: முதலில் வீச்சைப் பாருங்கள், பிறகு சராசரியை. திறந்த வெளியில் வீச்சு சராசரியின் ஒன்றரை மடங்கு அளவில் இருப்பது வழக்கம். சராசரி 10, வீச்சு 15 என்றால் அமைதியான காற்று. சராசரி 10, வீச்சு 32 என்றால் அந்த மணி நேரத்தில் மேலே ஏதோ கொந்தளிக்கிறது என்று மாதிரி சொல்கிறது. அந்த நேரத்தைக் குறித்துவைத்து 9ஆம் படிக்குப் போங்கள்.

இரண்டு மாதிரிகள் வேறு வேறு வீச்சைச் சொன்னால் நடுவை எடுக்கிறவர்கள் உண்டு. நான் பெரியதை எடுப்பேன். நடு எண் என்று ஒரு காற்று அடிக்கப்போவதில்லை.

8. எப்போது பார்ப்பது

மூன்று நாளுக்கு முன்: போக்கு மட்டும். எண்ணை எழுதாதீர்கள். எந்தப் பக்கத்துக் காற்று, மதியம் இடிமழை வரும் வாரமா என்று தெரிந்தால் போதும். இந்த நிலையிலேயே எண்ணைக் கோயில் குழுவுக்குச் சொன்னால் அவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

முந்தின நாள் மாலை: மணி வாரியாக எழுதுங்கள். திசை, சராசரி, வீச்சு. ஆணி எண்ணிக்கையும் கயிறும் இதை வைத்து முடிவாகும்.

அன்று விடியற்காலை ஆறு மணி: திரும்பப் பாருங்கள். உலக நேரம் 00, 12 மணித் தரவை வைத்து ஐரோப்பிய மாதிரியின் முதன்மை ஓட்டங்கள் நடக்கும். நமக்கு அது காலை 8, இரவு 8. கணக்கு முடிந்து கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே விடியற்காலையில் பார்த்தால் முந்தின இரவுத் தரவில் ஓடிய புதுக் கணக்கு இருக்கும். மாலை எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், மாதிரிக்கே அன்றைக்கு நிச்சயம் இல்லை என்று பொருள். அந்த நாளில் பக்கத் துணி வேண்டாம்.

காலை பத்து மணிக்கு மேல் முன்னறிவிப்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு ராடாரும் வானமும்தான்.

9. மதிய இடிமழை: எண்ணில் வராத காற்று

இந்தப் படியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

மாதிரி சொல்லும் 8 கி.மீ. பொய்யில்லை. வட்டாரக் காற்று அன்று முழுவதும் 8 ஆகவே இருக்கும். ஆனால் ஓர் இடிமேகம் தன் காற்றைத் தானே செய்கிறது. மேகத்துக்குள் மழை விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மழை ஆவியாகக் காற்று குளிர்ந்து கனக்கும். கனத்த காற்று வேகமாகத் தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். தகரக் கூரையைப் பிரிப்பதும், வாழையைச் சாய்ப்பதும், கூடாரத்தைத் தூக்குவதும் இது. 9 கி.மீ. கட்டத்துக்கு ஒற்றை மேகம் எங்கே வெடிக்கும் என்று தெரியாது. ஆகவே செயலியில் சிறிய எண்ணைப் பார்த்துவிட்டு இடிமழைச் சின்னத்தைப் பார்க்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. "ஒன்றிரண்டு இடங்களில் இடிமழை" என்றிருந்தால் அந்த ஒன்றிரண்டில் உங்கள் திடலும் ஒன்று என்று வைத்தே கயிறு கட்டுங்கள்.

வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை குறுகிய நேரத்துக்கானது. ஒரு முறை விட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. மணிக்கு 20 மி.மீ.க்கு மேல் மழை தரும் இடிமழை நெருங்கினாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்றாலோ விடுவார்கள். மாவட்டப் பெயர் வரும். நம் மாவட்டம் கோல சிலாங்கூர். பக்கத்து உலு சிலாங்கூர், கோம்பாக் பெயர் வந்தாலும் எங்கள் குழு எழுந்து நிற்கும். எச்சரிக்கை வரும்வரை காத்திருந்தால் இறக்க நேரம் போதாமல் போகலாம்.

புலனத்தில் சுற்றும் இன்னொன்று: பலத்த காற்று, கொந்தளிக்கும் கடல் எச்சரிக்கை. 40–50 கி.மீ. முதல் வகை, 50–60 இரண்டாம் வகை, அதற்கு மேல் மூன்றாம் வகை. இது கடலுக்கு, மீனவருக்கும் கப்பலுக்கும். இதைப் பார்த்துக் கல்யாண வீட்டார் அலறிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எச்சரிக்கையின் தலைப்பையும் கடற்பகுதியின் பெயரையும் படித்துவிட்டு அனுப்புங்கள்.

ராடாரில் நேரம் கணக்கிடும் முறை: அரை மணி இடைவெளியில் இரண்டு படத்தைச் சேமியுங்கள். மேகத்தின் முன்விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று விரலால் அளந்து பாருங்கள். 15 கி.மீ. நகர்ந்திருந்தால் மணிக்கு 30. உங்களிடமிருந்து 30 கி.மீ. தள்ளி இருந்தால் மழைக்கு ஒரு மணி நேரம். காற்றுக்கு அவ்வளவு நேரம் இல்லை. சிதறிய குளிர்காற்று மழைக்கு முன்னால் ஓடிவரும். நான் மழை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். இன்னொன்று, தலைக்கு மேலேயே புதிதாக முளைக்கும் மேகம் ராடாரில் நகர்ந்து வராது, திடீரென்று தோன்றும். அதற்குக் கண்தான்.

கண்ணுக்குத் தெரிவது இப்படி. மதியம் முழுவதும் ரிப்பன் கிழக்கே பறந்துகொண்டிருக்கும், அதாவது மேற்குக் காற்று. மூன்று மணி வாக்கில் தொங்கிவிடும். புழுக்கம். சமையல்காரர் துண்டால் முகத்தைத் துடைப்பார். உள்நாட்டுப் பக்கம், கிழக்கே, மேகத்தின் அடி கறுத்துத் தட்டையாக இருக்கும். பிறகு ரிப்பன் மெல்லத் துடித்து எதிர்ப்பக்கம் திரும்பும், கன்னத்தில் குளிர் படும். அந்தக் குளிர் பட்ட பிறகு உங்களுக்கு இருப்பது நிமிடக் கணக்கு. காற்று மேற்கிலிருந்து என்று முன்னறிவிப்பு சொன்னதை நம்பி மேற்குப் பக்கம் மட்டும் இரட்டைக் கயிறு கட்டியவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். இடிமழைச் சின்னம் உள்ள நாளில் நான்கு பக்கமும் ஒரே பலம்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் விநாடி எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது. இரும்புக் காலில் கை வைக்க வேண்டாம், எல்லாரும் கட்டடத்துக்குள்.

10. விடியற்காலைக் காற்று

இரவே கூடாரத்தை எழுப்பி, துணியெல்லாம் கட்டி, காலையில் நாற்காலி மட்டும் போட்டால் போதும் என்று வைப்பது புதியவர் வழக்கம். சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் திரளும் இடிமேக வரிசை கிழக்கே நகர்ந்து, விடியற்காலையிலும் காலையிலும் மேற்குக் கரையில் ஏறும். தென்மேற்குப் பருவத்திலும் இடைக்காலத்திலும் வரும். வீச்சு 40 முதல் 80 கி.மீ. வரை போகலாம். எல்லாரும் தூங்கும் நேரம், கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கமாட்டார்.

இரவு வைப்பதாக இருந்தால் சட்டம் மட்டும் நிற்கட்டும், துணி சுருட்டி உள்ளே. படுக்கும் முன் ராடாரில் நீரிணையைப் பாருங்கள், நம் ஊரை அல்ல. வடக்குத் தெற்காக வில் போல வளைந்த வரிசை தெரிந்தால் நான்கு மணிக்கு அலாரம்.

11. கண்ணுக்குப் பாடம்

புகை நேரே ஏறினால் காற்றில்லை. முகத்தில் பட்டு இலை சலசலத்தால் 6 முதல் 11 கி.மீ. இலையும் சிறு கொப்பும் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து நின்றால் 12–19. தூசியும் காகிதமும் கிளம்பினால் 20–28. இந்த நிலையில் வாழையிலை பந்தியில் நிற்காது, தெரிந்ததுதானே. சிறு மரம் முழுதாக அசைந்தால் 29–38. பெரிய கிளை ஆடி, குடை பிடிக்க முடியாமல் போனால் 39க்கு மேல். இவை எல்லாமே சராசரிக்கான அடையாளம். வீச்சு அதற்கும் மேலே இருக்கும்.

ஒரு மாதம் தினமும் மதியம் இரண்டு மணிக்குச் செயலி சொன்னதையும் கண்ணில் பட்டதையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சுபாங் விமான நிலைய அறிக்கையையும் சேர்த்தால் நல்லது. அதில் 24015ஜி28கேடி என்பது போல் வரும்: 240 பாகையிலிருந்து, சராசரி 15 நாட், வீச்சு 28 நாட். வீச்சு சராசரியைவிடக் குறைந்தது 10 நாட் கூடுதலாக இருந்தால்தான் அந்த ஜி வரும். ஜி இல்லை என்பதால் வீச்சே இல்லை என்று எடுக்காதீர்கள். முப்பது வரி சேர்ந்ததும் உங்கள் திடலுக்குச் செயலி கூட்டிச் சொல்கிறதா குறைத்துச் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். காற்றுமானி வாங்குவதானால் அதன் பிறகு. கையை நீட்டி, தலைக்கு மேல், காற்று வரும் பக்கம் திரும்பிப் பிடியுங்கள். நெஞ்சுக்கு முன்னால் பிடித்தால் உங்கள் உடம்பைச் சுற்றிவரும் காற்றைத்தான் அளக்கும்.

12. இறக்கும் வரிசை

முதலில் அடுப்பை அணைத்து, கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடுங்கள். அடுத்து ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளையும் வயதானவர்களையும், கட்டடத்துக்குள் அனுப்புங்கள்.

பக்கத் துணியைக் கழற்றும்போது காற்று வரும் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதைத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கத்தை மூடி வைத்தால் காற்று உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கும். காற்று போகும் பக்கம் முதலில், பிறகு இரண்டு ஓரம், வரும் பக்கம் கடைசி. கால்களைத் தாழ்த்துவதற்கு இது நேரெதிர்: காற்று வரும் பக்கத்துக் கால்களை முதலில் தாழ்த்தினால் கூரை சரிந்து, காற்று அதைக் கீழே அழுத்தும். மறுபக்கத்தை முதலில் தாழ்த்தினால் பட்டம் விட்ட மாதிரிதான்.

ஏற்கெனவே தூக்க ஆரம்பித்துவிட்ட கூடாரத்தை யாரும் கையால் பிடிக்க வேண்டாம். துணி கிழியட்டும், சட்டம் வளையட்டும்.

பழகிய நால்வர் ஒரு கூடாரத்தை இறக்க எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஐந்து கூடாரம், நான்கு பேர் என்றால் ஒரு மணி நேரம். ராடாரில் கிடைத்த நேரத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தால் மட்டும் அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லுங்கள்.